மாமரத்து வாண்டா: மேட்டூர் வெயிலுக்கு ஓர் ஆர்க்கிட்

கேள்வி: எங்கள் வீடு மேட்டூர் அணைப் பக்கம். என் கணவர் பெங்களூரு போய்வந்தபோது வெள்ளைப் பூ நிறைந்த ஆர்க்கிட் செடி ஒன்று வாங்கிவந்தார். பூ இரண்டு மாதம் வாடாமல் நின்றது. பிறகு இலை மஞ்சளாகி, வேர் அழுகி, சித்திரை பிறப்பதற்குள் செத்துவிட்டது. மறுபடி வாங்கியதற்கும் அதே கதிதான். இதற்கிடையில் கொளத்தூரில் என் மாமனார் தோட்டத்தில், பழைய மாமரத்துக் கிளையில் வார் வாரான இலைகளோடு ஒரு செடி தொற்றிக்கொண்டு வளர்கிறது. வைகாசியில் மஞ்சளும் பழுப்புமாகப் பூத்தது; நல்ல வாசம். தாவரவியல் படிக்கும் என் மகள் அதுவும் ஆர்க்கிட்தான் என்கிறாள். அத்தையோ, "அது புல்லுருவி, மரத்தைத் தின்னுடும், வெட்டிப் போடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி? நம் ஊர் வெயிலில் ஆர்க்கிட் வளருமா?
— வாசகி, மேட்டூர் அணை

பதில்: முதலில் அந்த அரிவாளை உள்ளே வைக்கச் சொல்லுங்கள், அம்மா. உங்கள் மகள் சொல்வது சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது வாண்டா டெஸ்ஸலாட்டா. இலைகள் தண்டின் இருபக்கமும் அடுக்கடுக்காக விரிந்து, நடுவில் பள்ளமாக மடிந்து, நுனியில் யாரோ கடித்தெடுத்ததுபோல் முடிந்திருக்கின்றன. பூவின் உள்பக்கம் மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் போடுகின்றன, வெளிப்பக்கம் வெள்ளை, நடு உதடு நீலமும் ஊதாவும் கலந்தது. ஒரு கொத்தில் ஐந்து முதல் பத்துப் பன்னிரண்டு பூ வரை வரும். இலங்கை, இந்தியா, நேபாளம், வங்கதேசம், மியான்மர் என்று நீளும் இதன் பரப்பில், தமிழ்நாட்டின் வறண்ட இலையுதிர் காடுகளும் சமவெளித் தோப்புகளும் அடக்கம். காஞ்ச கரடுகளின் ஓரத்தில், ஒரு பழைய மாமரத்தில் அது இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

அறிவியல் உலகுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸுக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி அவர் 1795ல் வெளியிடத் தொடங்கிய பெரிய படநூலில் இதற்கும் ஒரு பக்கம் உண்டு. படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் பெயர்கள்தான் அட்டையில் இல்லை. 1820ல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை வகுத்தபோது அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் இந்தச் செடியைத்தான். இன்று உலகமெங்கும் விலைகொடுத்து வாங்கும் வாண்டாக்களுக்கெல்லாம் உங்கள் மாமனார் தோட்டத்துச் செடி மூத்த பங்காளி.

அத்தை சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மாமரத்தில் நிஜமான புல்லுருவி வரும். அதை வெட்டித்தான் ஆகவேண்டும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. புல்லுருவி கிளைக்குள் தன் உறிஞ்சுவேரைச் செலுத்தும். அது புகுந்த இடம் முண்டு முண்டாக வீங்கியிருக்கும். இலை தடித்து அகலமாக, கிட்டத்தட்ட மாவிலைக் கொத்துக்குள் இன்னொரு மரம் முளைத்ததுபோல் இருக்கும். சின்னஞ்சிறு பூக்கொத்திப் பறவைகள் அதன் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையைக் கிளையில் துடைத்துவிட்டுப் போவதால்தான் அது பரவுகிறது. வாண்டாவின் வேரோ பட்டையின் மேலேயே படர்ந்து ஓடும். வெண்சாம்பல் நிறம், விரல் தடிமனில் பாதி, நுனி மட்டும் பச்சை. ஒரு வேரை நகத்தால் நெம்பிப் பாருங்கள்: பட்டைக்கு ஒரு காயமும் இல்லாமல் பெயர்ந்துவரும். அது மரத்திடமிருந்து எடுத்துக்கொள்வது நிற்க ஓர் இடம் மட்டுமே. குடிப்பது மழையும் பனியும் பட்டையில் வழியும் தண்ணீரும். தின்பது அந்தத் தண்ணீரில் கரைந்துவரும் தூசியும் இலை மக்கும். அத்தைக்கு இதைக் காட்டுங்கள், பார்த்தால் ஒப்புக்கொள்வார்.

இனி செத்துப்போன செடிக்கு வருவோம். பெங்களூரிலிருந்து வந்தது ஃபலனாப்சிஸ். பட்டாம்பூச்சிபோல் அகன்ற வெள்ளைப் பூ என்றால் பெரும்பாலும் அதுதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளின் அடர் நிழலில், காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் இடத்துச் செடி. கடையில் அதைப் பாசியில் அழுத்தி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். மாசி, பங்குனி வெயிலில் இலை வாடுவதைப் பார்த்து நாம் தண்ணீர் ஊற்றுவோம். பாசி நனைந்தே கிடக்கும். காற்று புகாமல் வேர் அழுகும். வேர் அழுகியதால் இலை இன்னும் வாடும். நாம் இன்னும் ஊற்றுவோம். அப்படியே பிழைத்துக் கிடந்தாலும் மறுபடி பூப்பது கடினம். வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்துகொண்டிருந்தால் அதற்குப் பூத்தண்டு கிளம்புவதில்லை. மேட்டூரில் மார்கழி ராத்திரி குளிர்ந்தாலும் பகல் 30ஐத் தொட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால், சமவெளிக்காரர்கள் ஃபலனாப்சிஸைச் செடி என்று எண்ணி வாங்கக்கூடாது. இரண்டு மாதம் வாடாத பூங்கொத்து என்று எண்ணி வாங்கினால் மனவருத்தம் வராது.

சேலம் மாவட்டக்காரர்களுக்கு ஏற்காடு பக்கத்தில் இருப்பதால் வரும் ஒரு மயக்கமும் உண்டு. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963ல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. கோடை விழாவுக்குப் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, 'ஒரே மாவட்டம்தானே, நம் வீட்டிலும் வரும்' என்று நினைக்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அணைக்குக் கீழே மேட்டூர் நகரம் 200 மீட்டரைச் சுற்றி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். மலையில் சிரித்துக்கொண்டிருக்கும் செடி இங்கே சித்திரையில் வெந்துவிடும்.

அப்படியென்றால் உங்கள் வாண்டா மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இரண்டு ஏற்பாடுகளால். ஒன்று, வேரைச் சுற்றிய வெள்ளைப் பஞ்சுறை, வெலாமன் என்பார்கள். செத்த செல்கள் அடுக்கடுக்காக நின்று உண்டாக்கிய உறை அது. மழைத்துளி பட்டதும் நிமிடங்களில் உறிஞ்சி நிரம்பும்; உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். பிறகு மெதுவாக உள்ளே கொடுத்துவிட்டு மறுபடி வெளுக்கும். இப்படி நனைந்து காய்ந்து நனைந்து காய்வதுதான் அதன் வாழ்க்கை. நனைந்தே கிடந்தால் அழுகும், காய்ந்தே கிடந்தால் சுருங்கும். இரண்டாவது ஏற்பாடு இலையில். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரிக்காற்றை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, வாங்கும். வாண்டா, கள்ளியையும் அன்னாசியையும்போல, பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். ராத்திரி வாங்கிய கரிக்காற்றை அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும். அதனால் 40 டிகிரி வெயிலிலும் தண்ணீரை அதிகம் இழக்காமல் சமாளிக்கிறது. ஆனால் இரவுக் காற்று சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் திணறும். நம் ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பதில் முக்கியச் சூட்சுமம் இதுதான் என்பது என் எண்ணம்: பகல் வெயிலை நினைத்துப் பயப்படுகிறவர்கள், ராத்திரிச் சூட்டைக் கவனிப்பதில்லை.

உங்கள் மாமரத்துச் செடிக்கு நீங்கள் செய்யவேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. கோடையில் மழையே இல்லாத வாரங்களில், சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வேர்களின் மேல் நாலு குவளை ஊற்றச் சொல்லுங்கள். மாம்பூ பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும்போது ஒரு சாக்கால் மூடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: எங்களுக்குத் தோட்டம் இல்லை. மொட்டைமாடி மட்டும் இருக்கிறது. நர்சரியில் வாண்டா வாங்கினால் அதை எப்படி வைப்பது? மண்ணில் நடலாமா?
— வாசகர், மேச்சேரி

பதில்: மண் வேண்டவே வேண்டாம். செம்மண், மணல், கோகோபீட் எதுவானாலும் வாண்டாவுக்குப் புதைகுழிதான்.

மொட்டைமாடியும் எனக்குப் பிடிக்கவில்லை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து, பதினொரு மணி வரை அனல் கக்கும். சற்றுமுன் சொன்ன ராத்திரிச் சூடு அதுதான். வீட்டின் கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் பத்து மணி வரை படும் ஒரு சன்னல் கம்பியோ வாசல் விட்டமோ இருந்தால் அதுவே மேல். மாடியைத் தவிர வேறு வழியில்லை என்றால், 50 சதவீத பச்சை வலை கட்டி, தரையிலிருந்து ஆளுயரத்தில் தொங்கவிட்டு, கீழே தண்ணீர் நிரப்பிய அகலமான தட்டுகளோ, வேறு தொட்டிச் செடிகளோ நெருக்கமாக வையுங்கள். ஏ.சி. வெளிப்பெட்டியின் காற்று வீசும் பக்கம் மட்டும் கூடாது.

கொள்கலன் தேக்குச் சட்டங்களால் செய்த கூடையாக இருக்கலாம். இல்லாவிட்டால் பக்கமெல்லாம் துளைபோட்ட மண்சட்டி. உள்ளே விறகுக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கைப்பிடியளவு போடுங்கள். செடி சாயாமல் நிற்க மட்டும்தான் அவை. நிரப்பக்கூடாது. தேங்காய் மட்டை போட விரும்பினால், அதிலுள்ள உப்பும் சாயமும் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். வேர்கள் கூடையைவிட்டு வெளியே தொங்கும். அவற்றை மடக்கி உள்ளே திணிக்காதீர்கள், வெட்டாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் 'என்ன, வேர் தொங்குதே' என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணிக் கீற்றோ தேங்காய்நார்க் கயிறோ போதும். செம்புக் கம்பி ஆர்க்கிட்டுக்கு நஞ்சு. அதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: மரத்தில் கட்டி வளர்க்க ஆசை. வீட்டில் கொய்யா, சப்போட்டா, வேம்பு, தென்னை இருக்கின்றன. எது நல்லது?
— வாசகி, நங்கவள்ளி

பதில்: சப்போட்டா. பட்டை சொரசொரப்பு, உரியாது, இலை கொட்டிவிடாமல் ஆண்டு முழுவதும் நிழல் தரும். அடுத்தது வேம்பு. மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் கடும் கோடைக்குள் துளிர்த்துவிடும். கொய்யா வேண்டாம், பட்டை உரித்துக்கொண்டே இருக்கும், வேர் பிடிக்கும் முன் பிடித்த இடம் கழன்றுவிழும். தைல மரமும் அப்படித்தான். தென்னையில் வளரும், மரமேறும் அண்ணனின் காலடி படாத பக்கமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

கட்டும் மாதம் ஆடி அல்லது ஆவணி. அதற்குப் பிறகு நமக்கு மழை வரிசையாக வரும். கார்த்திகைக்குள் புது வேர் பட்டையைப் பிடித்துவிடும். பங்குனியில் கட்டி, தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவது வீண் வேலை. கிழக்கோ வடகிழக்கோ பார்த்த பக்கம், கிளை பிரியும் கவட்டுக்குச் சற்று மேலே, செடி சற்று வெளியே சாய்ந்தபடி இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் இலைக்கக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் குருத்து அழுகும். இந்த வகைச் செடி ஒரே தண்டாக மேல்நோக்கி வளர்வது. குருத்து போனால் பாதிச் செடி போன மாதிரி. பக்கத்திலிருந்து புதுக்கன்று வெடித்து வரவேண்டும், அதற்கு ஒரு வருடம்கூட ஆகும்.

கேள்வி: தினமும் போர் தண்ணீர்தான் தெளிக்கிறேன். வேரெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்து, நுனி கருகிவிட்டது. உரம் அதிகமாகிவிட்டதா?
— வாசகர், ஜலகண்டாபுரம்

பதில்: உரத்தைவிட முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைதான் உங்கள் வேரிலும் படிந்திருக்கிறது. வெயில் காலத்தில் தெளித்த தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். பஞ்சுறையின் கண்கள் அடைபட்டால் அதன்பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே போகாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 200க்குள் இருந்தால் நிம்மதி. 500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை வாழைக்கு விடுங்கள், ஆர்க்கிட்டுக்கு வேண்டாம்.

மேட்டூர்க்காரர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறதே, அது போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி வாளியில் திறந்துவைத்துவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும்விட மழைநீர் உயர்ந்தது. ஐப்பசி மழையில் மாடிக் குழாய்க்குக் கீழே இரண்டு டிரம் வைத்துப் பிடித்தால் சில செடிகளுக்குத் தை மாதம் வரை வரும். மூடி வையுங்கள், கொசு வரும். வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் வடிகட்டிய தண்ணீரை எடுங்கள். கழிவுக் குழாயில் வருவது உப்பை இரட்டிப்பாக்கிய தண்ணீர்.

ஊற்றும் விதம் முக்கியம். காலை ஏழு மணிக்குள் வேரை நனையுங்கள். ஒரு தெளிப்பு போதாது. முதல் நனைப்பில் மேல்பஞ்சு ஈரமாகும். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி நனைத்தால்தான் முழு வேரும் பச்சையாகும். பச்சையானால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். மாசியிலிருந்து வைகாசி வரை சாயங்காலமும் ஒருமுறை வேருக்கும் தரைக்கும் தெளிக்கவேண்டும். குருத்துக்குள் தண்ணீர் நின்றால் துணிமுனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நீங்கள் சும்மா இருக்கலாம். மார்கழி, தையில் ஒருநாள் விட்டு ஒருநாள்.

உரம் என்றால், உங்கள் ஊர் உரக்கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் 19:19:19 போதும். லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை, ஆனி முதல் கார்த்திகை வரை. மற்ற மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்து, பிறகு உரத்தண்ணீர்; காய்ந்த வேரில் உரம் பட்டால் சுடும். மாதத்தில் ஒருநாள் நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவிவிடுங்கள். பஞ்சகவ்யம் தரலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். தரலாம், காய்கறிக்குத் தருவதைவிட நன்றாக மெலிதாக்கி, இரண்டு தடவை துணியில் வடிகட்டி. வடிகட்டாததன் சக்கை வேரில் ஒட்டி எறும்பைக் கூட்டும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும்.

கேள்வி: எங்கள் வாண்டாவில் இலை நல்ல கரும்பச்சை. வளர்ச்சி அருமை. ஆனால் பூக்கவே இல்லை.
— வாசகி, ராசிபுரம்

பதில்: அந்தக் கரும்பச்சைதான் நோய். வெளிச்சம் போதவில்லை. வாண்டாவின் இலை இளமஞ்சள் கலந்த பச்சையாக, விறைப்பாக இருக்கவேண்டும். தளர்ந்து நீண்டு பளபளவென்று இருந்தால் அது இருட்டில் வெளிச்சத்தைத் தேடுகிறது. மெல்ல மெல்ல வெளிச்சமான இடத்துக்கு நகர்த்துங்கள், வாரம் கொஞ்சமாக. ஒரேயடியாக நடுவெயிலில் வைத்தால் இலையில் வெந்த தழும்பு விழும். அது ஆறவே ஆறாது. இலையில் ஊதாநிறப் பொட்டுகள் வந்தால் வெயில் எல்லையைத் தொட்டுவிட்டது என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொட்டு வந்து உதிர்ந்தால் இலைப்பேனைத் தேடுங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மொட்டின் இடுக்கில் தெரியும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும். நத்தை வேர்நுனியைத் தின்றுவிடும். ராத்திரி டார்ச் எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல மருந்து அதற்கு இல்லை.

கேள்வி: பாலமலை சித்தேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது வழியில் மரங்களில் இதுபோன்ற செடிகளைப் பார்த்தேன். கீழே விழுந்த கிளையில் இருப்பதை எடுத்து வரலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: எடுக்காதீர்கள். பாலமலைக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருப்பது. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது 1882ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். விழுந்த கிளை என்று சொன்னால் சோதனைச் சாவடியில் எடுபடாது. உலக அளவிலும் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்ததை உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அகத்தியமலையின் கதை. பாஃபியோபெடிலம் என்ற ஆர்க்கிட் பேரினத்தில் தென்னிந்தியாவுக்கென்றே உரிய ஒரே வகையான பாஃபியோபெடிலம் ட்ரூரியை, அங்கே 1865ல் கர்னல் ட்ரூரி கண்டார். மஞ்சள் பூவில் கரும்பழுப்புக் கோடு ஓடும் அழகான செடி. அதன் இடம் இன்னதென்று வணிகர்களுக்குத் தெரிந்ததும் வாரிக்கொண்டு போனார்கள். காட்டில் அது அற்றுப்போய்விட்டது என்றே ஒரு காலத்தில் எழுதினார்கள். பிறகு மிகச் சில செடிகள் மீண்டும் தென்பட்டன. ஆளுக்கொன்று எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை.

உங்கள் பட்டா நிலத்து மரத்தில் இருப்பது வேறு. மரம் விழுந்தால், கிளை முறிந்தால், செடியை எடுத்து அடுத்த மரத்தில் கட்டுங்கள். நர்சரியில் வாங்கும்போதும் ஒன்று பாருங்கள். வேரில் காட்டுப் பட்டை ஒட்டியிருக்கிறதா, பாசியும் பூஞ்சைப் பொருக்கும் படர்ந்த பழைய இலைகளா, அளவெல்லாம் தாறுமாறா? அப்படியானால் அது ஆய்வகத்தில் வளர்ந்ததில்லை.

கேள்வி: ஒரு ஏக்கரில் ஆர்க்கிட் போட்டால் லாபம் வருமா? யூடியூபில் லட்சக்கணக்கில் சொல்கிறார்கள்.
— விவசாயி, நாமக்கல்

பதில்: போடாதீர்கள். கொய்மலராக விற்பது வாண்டா டெஸ்ஸலாட்டாவை அல்ல. டென்ட்ரோபியம் சோனியா போன்ற தாய்லாந்து ரகங்களை. வெயிலைத் தாங்கும் செடிதான் அது, வீட்டில் பத்துச் சட்டி வைத்துப் பாருங்கள், நன்றாக வரும். ஏக்கர் கணக்கில் என்றால் நிழற்குடில், புகைபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர், உப்பில்லாத தண்ணீர், ஆயிரக்கணக்கில் திசு வளர்ப்புக் கன்று என்று முதலீடு முன்னால் நிற்கும். விற்பனையில் ஈரக் கடற்காற்று இலவசமாகக் கிடைக்கும் கேரளத்தோடும், விமானத்தில் வந்திறங்கும் தாய்லாந்துப் பூவோடும் போட்டி. நம் மாவட்டங்களின் அரளியும் சம்பங்கியும் குண்டுமல்லியும் காலையில் பறித்துக் காலையிலேயே காசாகிற பயிர்கள். அதை விட்டுவிட்டு இதற்கு வரச் சொல்ல எனக்கு மனம் இல்லை. பிடிவாதமாகச் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் பேசுங்கள். யூடியூப்காரர் பெரும்பாலும் கன்று விற்கிறவராக இருப்பார்.

கேள்வி: இதன் வேர் மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்களே?
— வாசகர், ஓமலூர்

பதில்: ஆயுர்வேதத்தில் ராஸ்னா என்ற மருந்துச்சரக்கு உண்டு. வட இந்தியாவில் ஒரு செடி, வங்கப் பக்கத்தில் இந்த வாண்டாவின் வேர், தெற்கே பேரரத்தை என்று வட்டாரத்துக்கு ஒன்றை அந்தப் பெயரில் எடுத்தாள்கிறார்கள். நம் நாட்டுமருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அரத்தைதான். வைத்தியர் சொன்னால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். வேரை அறுத்தால் செடிக்கு வாயை அறுத்த மாதிரி.

கேள்வி: எங்கள் சிங்கப்பூர் சித்தி, 'அங்கே தேசிய மலரே வாண்டாதான்' என்கிறார். உங்கள் செடியும் அதுவும் ஒன்றா?
— மாணவி, மேட்டூர்

பதில்: உறவு, ஆனால் ஒன்றல்ல. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் பெயரால் 1893ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட கலப்பினம் அது. 1981ல் தேசிய மலரானது. வாண்டா என்றே நெடுநாள் அழைத்தார்கள். இப்போது வகைப்பாட்டில் பாப்பிலியோனந்தே என்ற பக்கத்துப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நம் கொளத்தூர் மாமரத்துச் செடிக்கும் கலப்பின உலகில் பெரிய பெயர் உண்டு. வாண்டா மிமி பாமர் என்று ஒன்று இருக்கிறது. வாசத்துக்காகவே தேடி வாங்குவார்கள். அதன் பெற்றோரில் ஒன்று டெஸ்ஸலாட்டா. இன்னொன்று வாண்டா டான் சே யான் என்ற சிங்கப்பூர்ப் புகழ்பெற்ற கலப்பினம். சித்தியிடம் கேளுங்கள், அங்கே பார்த்திருப்பார்.

கேள்வி: பூ உதிர்ந்து விரல் நீளத்துக்குக் காய் ஒன்று நிற்கிறது. முற்றினால் விதையை எடுத்துத் தொட்டியில் தூவினால் முளைக்குமா?
— வாசகி, தாரமங்கலம்

பதில்: முளைக்காது. காயைப் பிளந்தால் மஞ்சள்தூள் மாதிரி பறக்கும். ஒவ்வொரு தூளும் ஒரு விதை. ஆனால் அதற்குள் முளைக்குத் தேவையான சத்து எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட பூஞ்சை வந்து தொற்றி ஊட்டினால்தான் கண்விழிக்கும். இதை 1899ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். 1922ல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலேயே, சர்க்கரை கலந்த அகர் ஊடகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்கவைத்துக் காட்டினார். இன்று நர்சரிகளில் விற்கும் ஆர்க்கிட்டுகளின் பாட்டன் அந்தக் குடுவைதான். வீட்டுச் சமையலறையில் செய்ய முயன்றால் சர்க்கரையில் பூசணம்தான் வளரும்.

உங்களுக்குக் கன்று வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. செடி முழங்கை நீளத்துக்குமேல் வளர்ந்து, மேல்பாதியிலேயே மூன்று நான்கு நல்ல வேர்கள் வந்திருந்தால், அவற்றுக்குக் கீழே சுத்தமான கத்தியால் தண்டை வெட்டுங்கள். வெட்டுக்காயத்தில் பட்டைத்தூள் தடவிக் காயவிடுங்கள். சமையலுக்குப் பொடித்த பட்டையே போதும், பூஞ்சையைத் தடுக்கும். மேல்பாதி புதுச்செடி. அடிப்பாதியையும் தூக்கி எறியாதீர்கள், கணுவிலிருந்து கன்று வரும். ஆவணியில் செய்யுங்கள்.

காயைப் பறிக்கவேண்டாம். செடியிலேயே இருந்து முற்றி வெடிக்கட்டும். மாமரமோ வேம்போ பக்கத்தில் இருந்தால், அந்தப் பட்டையில் பூஞ்சை ஏற்கெனவே இருந்தால், லட்சத்தில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பச்சைப்புள்ளியாகத் தொடங்கி இலை காட்டவே ஓரிரு ஆண்டு ஆகும், பூக்க அதற்குமேல் நாலைந்து ஆண்டு. அதுவரை அந்தக் கிளைக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் இருங்கள்.